மூட்டை

போச்சம்பள்ளி சிப்காட்.
மூன்றாவது லைன், பதினோராவது மிஷின்.
நான் தைப்பது கூடாரம் இல்லை,
கூடாரத்தைப் போட்டு வைக்கிற பை.
கூடாரத்தை வேறெங்கோ தைக்கிறார்கள்.
எங்கே என்று சூப்பர்வைசர் குப்புராஜுக்கும் தெரியாது.

பங்குனிக் கடைசியில் ஒரு பெட்டி திரும்பி வந்தது.
நூற்றுப்பத்துப் பைகள்.
எல்லாம் கிழிசல், எல்லாம் ஒரே இடத்தில்:
ஜிப் முடிகிற மூலையில்,
நான் மூன்று தரம் ஓட்டி இறுக்கிய தையலுக்குப்
பக்கத்திலேயே.
தையல் விடவில்லை. துணிதான் விட்டிருக்கிறது.
அதை மட்டும் எல்லோரிடமும் காட்டினேன்.

கூட வந்த தாளைக் குப்புராஜ்
போனில் படம் பிடித்துத் தமிழாக்கி வாசித்தார்.
உறைந்த ஏரியின்மேல் நடந்துபோய்
துளை போட்டுத் தூண்டில் இறக்குகிறவர்கள்
காற்றுக்கு மறைவாக உட்காரும் கூடாரமாம்.
காலையில் பையிலிருந்து வந்தது
சாயங்காலம் பைக்குள் போக மறுக்கிறதாம்.
ஈரம் உறைந்து துணி பலகையாகிவிடுகிறதாம்.
கையுறையோடு ஜிப் பிடிபடவில்லை,
கழற்றினால் விரலே பிடிபடவில்லை.
நல்ல பை அனுப்பவும்.

"ஏரிமேல எப்படி நடக்கிறது?" என்றாள் திம்மக்கா.
"பாரூர் ஏரியில நடக்கலியா?
வத்துன வருசம் ஸ்டம்பு நட்டு
கிரிக்கெட்டே ஆடினாங்க" என்றேன்.
சிரித்ததில் அவளுக்கு ஒரு தையல் கோணிப்போனது.

மாதிரி தைக்கச் சொன்னார்கள் என்னை.
இரண்டு அங்குலம் கூட்டினேன்.
நான்கு. பிறகு ஆறு.
ஐந்தாம் நம்பர் ஜிப்பைப் பத்தாக்கினேன்.
மேஜைமேல் வைத்து மடித்தால்
எல்லாப் பையும் நல்ல பைதான்.
வெளியே சித்திரை.
தகரக்கூரை படக் படக் என்று விரிகிறது.
பலகையான துணியை இங்கே எங்கே தேட?

திம்மக்கா வீட்டுக்காரர் முனிரத்தினம்
மாங்கூழ் ஆலைக் குளிரறையில் டிரம் உருட்டுகிறார்.
அவர் கேட்டு, அங்கே மேனேஜர் தலையாட்டி,
அளவுக்கென்று அனுப்பியிருந்த ஒரே கூடாரத்தைத்
தண்ணீரில் முக்கி
ராத்திரி முழுக்க உள்ளே விட்டோம்.
மறுநாள் கைக்கு இரண்டு சாக்ஸ் மாட்டி
முனிரத்தினத்தின் கோட்டுக்குள் புகுந்து போனேன்.

போன வருசத்துப் பெங்களூரா மாம்பழ வாசம்.
மூச்சு புகையாக வந்தது.
கூடாரம் செத்த மாடு மாதிரி
கால் விறைத்துக் கிடந்தது.
தூக்கிப் பைவாயில் திணித்தேன். போகவில்லை.
முட்டியால் அமுக்கினேன்.
பையைத் திட்டினேன். பிறகு
அதைத் தைத்தவளைத் திட்டினேன்,
பேர் சொல்லி.
எண்ணிப் பார்த்தால் ஏழே நிமிடம்.

வெளியே வந்து, விரலுக்கு ரத்தம் திரும்பும்வரை
கேட்டருகே லோடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரும் மூட்டைக்குள் எதையும் திணிப்பதில்லை.
துணியை விரிக்கிறார்கள்,
நடுவில் வைக்கிறார்கள்,
நாலு முனையை இழுத்துக் கட்டுகிறார்கள்.
பைக்கு வாய் வேண்டும் என்று
யார் சொன்னது?

அன்றைக்குத் தைத்தது பாய் மாதிரி விரிந்தது.
ஜிப் கிடையாது. மூன்று பட்டை,
சாக்ஸ் போட்ட உள்ளங்கையே நுழைகிற வளையங்கள்,
உருகிய தண்ணீர் வடிய அடியில் வலைத்துணி.
குளிரறைக்குள் ஒன்றரை நிமிடம்.

ஒப்புதல் வந்தது.
வளையம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் வேண்டுமாம்,
வெள்ளையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரிய.
பைக்கு நாலு நிமிடம் கூடுகிறதே என்றேன்.
டார்கெட் அதேதான் என்றார் குப்புராஜ்.
நாலு நிமிடத்தை எதில் திணிப்பது?
அதற்கு இன்னும் மாதிரி தைக்கவில்லை.

கிழிந்த பைகளை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார்கள்,
பனித்துளிப் பூ அச்சடித்த நீலப் பைகள்.
என் கொழுந்தன் மாதேசன் மூலையில் ஒட்டுப் போட்டு
பாரூர் ஏரிக்கு வலை கொண்டுபோகிறான்.
போகையில் அடங்கிப் போகிறது.
ஈரத்தோடு திரும்புகையில்
பாதி வலை டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால் தொங்குகிறது.
நேற்று கேட்டான்,
"ஏன் அண்ணி, இதைவிட நல்ல பை
உங்க கம்பெனியில இல்லையா?"